நாலு கோர் எண்டால் ஊர் கேக்கும்

எங்கள் ஒழுங்கையில் சுடலைமுத்து அண்ணையிடம் ஒன்றைக் கேட்டு, இல்லை என்ற பதிலோடு திரும்பிய ஆள் கிடையாது. கிளிநொச்சியில் அவருக்குப் பக்கத்து வளவில் இருந்துகொண்டு, ஓட்டோ ஓடிப் பிழைக்கிறவன் என்ற முறையில் இதை நான் அடித்துச் சொல்வேன். "சரிங்க" என்பதுதான் அவருடைய சொல். கேட்கிறவர் வாயை மூடுவதற்குள் அது வந்துவிடும். சில நேரம் வாயைத் திறப்பதற்கு முன்பே வந்துவிடும். ஒருநாள் அவருடைய படலையடியில் ஓட்டோவை நிறுத்தி, "அண்ணை, உங்களிட்டை ஒரு விசயம்" என்று தொடங்கினேன்.

"சரிங்க தம்பி, எத்தினை மணிக்கு மெசினைக் கொண்டு வரணும்?" என்றார்.

எனக்கு மெசின் தேவைப்படவில்லை. அவருடைய மாடு என் வளவுக்குள் வந்து வாழையைத் தின்கிறது என்று சண்டை பிடிக்கத்தான் போயிருந்தேன். இப்படிப்பட்ட மனிதரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? வாழையும் போய்ச் சண்டையும் போய் வீட்டுக்கு வந்தேன்.

மெசின் என்று அவர் சொல்வது தன்னுடைய உழவு ரக்ரரை. அதைப் பற்றிச் சொல்லாமல் கணினிக் கதைக்கு வரமுடியாது. அண்ணையின் குடும்பம் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்து, இங்கே காடு வெட்டிக் குடியேறியது. அப்போது அவர் சின்னப் பெடியன். வளர்ந்து, வயல் எடுத்து, கடைசி யுத்தத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி, மீளக் குடியேறிய பிறகு ஒரு லான்மாஸ்ரர் வாங்கினார். இரண்டே சில்லு. பின்னால் நடந்தபடி கையால் பிடித்து உழுகிற சாமான். அது இருந்த காலத்தில் மனிதர் நிம்மதியாக இருந்தார். அதை இரவல் கேட்க ஒருவருக்கும் மனம் வரவில்லை, சேற்றுக்குள் அதன் பின்னால் நடக்க யாருக்கு விருப்பம்? பிறகு ஆசைப்பட்டு அதை விற்றுவிட்டு, இழுவைப் பெட்டியோடு நாலு சில்லு ரக்ரர் எடுத்தார். வந்தது வினை.

கலியாண வீட்டுக்குக் கதிரை ஏற்ற வேண்டும். கோயில் திருவிழாவுக்குத் தண்ணீர்த் தாங்கி இழுக்க வேண்டும். வீடு கட்டுகிறவனுக்கு மணல், செத்த வீட்டுக்குப் பந்தல் தடி, சேற்றில் புதைந்த இன்னொருவரின் ரக்ரரை இழுத்தெடுக்கவும் இவருடைய ரக்ரர். என் வீட்டு அத்திவாரத்து மண்ணும் அந்தப் பெட்டியில் வந்ததுதான், அதை நான் ஏன் மறைக்க வேண்டும்? ஊர் வேலையெல்லாம் முடித்து அது அவருடைய வயலுக்குள் இறங்கும்போது பக்கத்து வயலில் பயிர் முழங்கால் உயரம் நிற்கும். அவருடைய மனைவி வடிவம்மா அக்கா வரம்பில் நின்று வயிறெரிவார். "மெசினையும் உங்களையும் சேத்து ஊருக்கே எழுதிக் குடுத்திடுங்க" என்பார். அண்ணை அதற்கும் "சரிங்க" என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கும்.

வேறு ஆளாக இருந்தால் இத்தனை பட்ட பிறகு இல்லை என்று சொல்லப் பழகியிருப்பார். இவர் படித்துக்கொண்டது வேறு. நாலு சில்லு வைத்திருந்தால் ஊர் கேட்கும், இரண்டு சில்லு வைத்திருந்தால் கேட்காது. இதை அவர் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார், பெரிய உண்மையைக் கண்டுபிடித்தவர் மாதிரி.

இனிக் கணினிக்கு வருகிறேன்.

மகள் சுதர்சினி தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டட வரைபடம் படித்தவள். வீட்டுக்குப் படம் கீறி, அதற்குச் சுவர் எழுப்பி, கூரை போட்டு, நிறமும் நிழலும் கொடுத்து, கட்டி முடித்த வீட்டைப் போட்டோ எடுத்ததுபோல் கணினியிலேயே ஆக்கிக் காட்டுவாள். கடைசியில் கணினி தானே இருந்து படத்தைத் தீட்டி எடுக்கிற வேலைக்கு ரெண்டர் என்று பெயர். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பி இங்கே வீடு கட்டுகிறவர்கள் இப்போதெல்லாம் அந்தப் படத்தைப் பார்க்காமல் ஒரு கல்லும் வைக்க விடுகிறார்களில்லை. வவுனியாவில் சிவரூபி என்று ஒரு பொறியியலாளர் வீடு கட்டிக் கொடுக்கும் தொழில் நடத்துகிறார். அவர் சுதர்சினியிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். வீட்டில் ஒரு நல்ல கணினி வைத்துக்கொண்டால் பரீட்சைக்கு ஒரு வீட்டை அனுப்புவார். குறித்த நாளுக்குள் எல்லாப் படமும் வந்தால் வீட்டிலிருந்தே மாதச் சம்பளத்துக்கு வேலை.

வராவிட்டால், தையல் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்ற விடியற்காலையில் ஒழுங்கை முகப்புக்கு வருகிற காமன்ற் பஸ்தான். அதில் போகிற பிள்ளைகளை நான் குறைத்துச் சொல்லவில்லை, என் அக்காவின் மகளும் அதில்தான் போகிறாள். ஆனால் சுதர்சினிக்கு வீடு கீறுவது என்றால் உயிர். இடம்பெயர்ந்து கூடாரத்துக்குள் இருந்த வயதிலேயே தடியால் மண்ணில் கோடு போட்டு, இது அறை, இது குசினி என்று பிரித்து, செருப்போடு அதற்குள் நடக்கிறவர்களைத் திட்டிய பிள்ளை அது.

கணினி வாங்க வவுனியாவுக்குப் போனோம். கிளிநொச்சியிலேயே கடைகள் இருக்கின்றன. "இங்க வாங்கினா பெட்டியை வீட்டுக்குள்ள வைக்க முதல் ஊருக்குத் தெரிஞ்சிடும் தம்பி" என்றார் அண்ணை. எனக்குக் கைத்தொலைபேசி திருத்தத் தெரியும் என்று ஊரில் ஒரு வதந்தி இருக்கிறது. நான் அதை மறுத்ததில்லை. அதனால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

கடைக்காரன் கிருபன், வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த கணினிகளை எடுத்துத் துடைத்துத் திருத்தி விற்கிறவன். மேசையில் இரண்டு பெட்டிகளைத் தூக்கி வைத்தான். இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே உயரம்.

"இது டுவல் கோர், ஐயா. மற்றது குவாட் கோர்."

அண்ணை இரண்டையும் மாட்டுச் சந்தையில் நிற்பவர்போல் சுற்றி வந்து பார்த்தார். "கோர்ன்னா என்னங்க தம்பி?"

"கணினிக்கு மூளை புறொசெசர். அதுக்குள்ள இருந்து வேலை செய்யிற ஆக்கள் எண்டு வையுங்கோவன். இதில ரெண்டு பேர். அதில நாலு பேர். ஒரு வயல் நெல்லை ரெண்டு பேர் அருவி வெட்டுறதுக்கும் நாலு பேர் வெட்டுறதுக்கும் இருக்கிற வித்தியாசம்தான்."

"நாலு பேரும் எப்பவும் வெட்டுவாங்களா?"

கிருபன் நேர்மையான வியாபாரி. "இல்லை ஐயா. கடிதம் அடிக்கிறது, படம் பாக்கிறது, இன்ரநெற் எண்டால் ரெண்டு கோரே காணும். மற்ற ரெண்டு பேரும் வரம்பில குந்தியிருந்து வெத்திலை போடுவினம். ஆனால் வீடியோ வெட்டி ஒட்டுறது, ரெண்டர் எண்டால் நாலு பேரும் குனிஞ்ச தலை நிமிர மாட்டினம். தங்கச்சி என்ன வேலை செய்யப் போறா?"

"ரெண்டர்தான் அண்ணா," என்றாள் சுதர்சினி. "எனக்கு நாலு கோர்தான் வேணும்."

இவ்வளவு விளக்கத்தில் அண்ணையின் காதில் விழுந்தது நாலு என்ற ஒரு சொல்தான். அந்தச் சொல்லோடு மணலும் கதிரையும் தண்ணீர்த் தாங்கியும் அவர் முகத்தில் வரிசையாகப் போவதை நான் பார்த்தேன்.

"ரெண்டு போதுங்க," என்றார் கிருபனிடம்.

"அப்பா, நான் உங்களுக்கு வீட்டிலயே எல்லாம் சொன்னனான்."

"ரெண்டு போதும் பிள்ளை. நாலுன்னா ஊர் கேக்கும். ரெண்டுன்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. லான்மாஸ்ரர் இருந்தப்ப நமக்கு எவ்வளவு நிம்மதி."

லான்மாஸ்ரர் எங்கிருந்து இதற்குள் வந்தது என்று கிருபன் என்னைப் பார்த்தான். நான் கூரையில் சுற்றிய காற்றாடியைப் பார்த்தேன். காசுப் பிரச்சினையும் இல்லை, நாலு கோர் வாங்குவதற்கென்றே கொண்டு வந்திருந்தார். மிச்சக் காசில் எங்களுக்குச் சாப்பாடு வாங்கித் தந்தார். கோழிக்கறி நன்றாக இருந்தது. சுதர்சினி சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பினாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தெரியாத ஆட்களோடு போகிறவள் மாதிரி வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். "ஒண்ணும் சொல்லல பாருங்க. நல்ல பிள்ளை," என்றார் அண்ணை என் காதில்.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் உண்மையிலேயே ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணை என்னை எங்கே கண்டாலும் புருவத்தை உயர்த்திக் காட்டினார், பார்த்தாயா என்று. எனக்கும் கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்தது. பிறகு நேசமலர் ரீச்சர் வந்தார்.

நேசமலர் முன்பள்ளி ஆசிரியை. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு. முன்பக்கம் பூசி நிறமடித்தாயிற்று, மற்ற மூன்று பக்கமும் இன்னும் கல்லாகவே நிற்கிறது. ஏதோ காரியமாக வடிவம்மா அக்காவிடம் வந்தவர், முன் அறையில் சுதர்சினியின் திரையைக் கண்டுவிட்டார். அவள் ஒரு வீட்டை வைத்துப் பழகிக்கொண்டிருந்தாள். ரெண்டர் நடக்கும்போது ஒவ்வொரு கோரும் படத்தில் ஒரு சின்னச் சதுரத்தைப் பிடித்துத் தீட்டும், முடிந்ததும் அடுத்த சதுரத்துக்குப் போகும். திரையில் இரண்டு சதுரங்கள் மெல்ல மெல்ல ஊர்ந்து, அவை போன வழியில் கூரை ஓடும் யன்னலும் செவ்வரத்தம் செடியும் முளைத்துக்கொண்டிருந்தன. நேசமலர் வந்த காரியத்தை மறந்து நின்றார்.

"அண்ணை, என்ரை வீட்டையும் உப்பிடி ஒருக்கால் முடிச்ச மாதிரிப் பாக்கேலுமோ? மேலை ஒரு மாடியும் வைச்சு?"

"சரிங்க ரீச்சர்," என்றார் அண்ணை. மகளின் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

அவ்வளவுதான். நேசமலரின் மாடி வீட்டுப் படம் ஒழுங்கை முழுக்கக் கைத்தொலைபேசியில் சுற்றியது. ராசு, எங்கள் சந்தியில் பெட்டிக்கடை வைத்திருக்கிறவர், கட்டப்போவதாகப் பத்து வருடமாகச் சொல்லிவரும் இரண்டு மாடிக் கடையைப் பார்க்க ஆசைப்பட்டார். கோயில்காரருக்கு மடைப்பள்ளி. இன்னொருவர் மாட்டுக்கொட்டிலைக் கொண்டு வந்தார், மாட்டோடு சேர்த்து. எல்லோருக்கும் சரிங்க.

அண்ணையின் கணக்கு எங்கே பிழைத்தது என்று நான் அவருக்கு விளக்க முயன்றேன். ரக்ரர் என்றால் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், வீட்டில் அமைதி இருக்கும். கணினியை இரவல் கொடுக்க முடியாது, ஆகவே ஊர்தான் அதனிடம் வந்தது. அதுவும் இரண்டு கோர். ஒரு படம் முடிய ஒரு பகல் போகும். அந்தப் பகல் முழுக்க ஆட்களும் இருப்பார்கள். எந்தச் சதுரம் முதலில் கூரைக்குப் போகும் என்று பந்தயம் பிடித்தார்கள். வடிவம்மா அக்கா அடுப்பை அணைக்காமல் தேத்தண்ணி ஊற்றினார். ராசு வீட்டிலிருந்தே கதிரை கொண்டுவந்து போட்டுக்கொண்டார்.

"அண்ணை, நாலு கோர் வாங்கியிருந்தால் இவையள் மத்தியானத்தோட எழும்பிப் போயிருப்பினம்," என்றேன்.

அண்ணை எழும்பி மாட்டைப் பார்க்கப் போனார்.

இதையெல்லாம் வைத்து அவரைப் பகிடி பண்ணுவது எனக்குச் சுகம். ஆனால் ஒருமுறை, ஏன் அண்ணை உங்களுக்கு அந்த ஒரு சொல் வாயில் வருகுதில்லை என்று கேட்டபோது, அவர் சொன்ன கதையை நான் பகிடி பண்ணியதில்லை. தோட்டத்திலிருந்து வந்த புதிதில் அவருடைய அம்மா அவரையும் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு சட்டி எடுத்துக்கொண்டு, அரிசி கடன் கேட்டு ஒரு வீட்டு வாசலில் நின்றாராம். கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து இல்லை என்று ஒரு குரல் மட்டும் வந்தது. "அம்மா ஒண்ணும் சொல்லல தம்பி. சட்டியை இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்துனாங்க. அவ்வளவுதான். அந்தக் குரல் இன்னும் காதுல கிடக்கு. அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்." அதனால்தான் வாழைக்காகக் கடைசிவரை நான் சண்டை பிடிக்கவில்லை.

இந்த நிலையில் சிவரூபியின் பரீட்சை வீடு வந்தது. ஒரு வீடு, ஆறு படம், வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள் போய்ச்சேர வேண்டும். வந்தது திங்கட்கிழமை. அன்று கணினிக்குள் நேசமலர் ரீச்சரின் மாடி ஓடிக்கொண்டிருந்தது, இரண்டாம் முறையாக. முதல் படத்தில் மாடிக்கு விறாந்தை இல்லையென்று திருப்பிக் கேட்டிருந்தார். நடுவில் நிறுத்தினால் ஓடியது அத்தனையும் வீண்.

"அப்பா, இந்தக் கிழமை மட்டும் ஒருத்தரையும் வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ," என்றாள் சுதர்சினி.

"சரி பிள்ளை," என்றார் அண்ணை.

அடுத்த நாள் காலையில் ராசு வந்தார். தன் கடைப் படத்தில் பெயர்ப்பலகை சின்னதாக இருக்கிறதாம். அண்ணை அவருக்கும் சரிங்க என்றார். ஒரே வாயால் இரண்டு பேருக்கும் சரி சொல்வது அவருக்குப் புதிதல்ல, ரக்ரர் ஒரே காலையில் மூன்று வயலுக்குப் போவதாக இருந்த நாட்களை நான் கண்டிருக்கிறேன். புதன்கிழமை பொழுது சாய்ந்தபோது ஆறு படத்தில் இரண்டுதான் முடிந்திருந்தது.

அன்று பின்னேரம் வடிவம்மா அக்கா வேலியடியில் வந்து நின்றார். அண்ணை என் ஓட்டோவுக்குள் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை திங்கக்கிழமை காமன்ற் பஸ்ஸுல போறாளாம். நாளைக்கு அந்த வவுனியா மிஸ்ஸுக்குப் போன் பண்ணி, செய்ய ஏலாதுன்னு சொல்லப் போறாளாம். அழவும் இல்ல, சத்தம் போடவும் இல்ல. உடுப்பு மடிச்சுக்கிட்டு இருக்கா," என்றார். அழுதது வடிவம்மா அக்காதான்.

அண்ணை எழும்பி நின்றார், பிறகு திரும்பவும் இருந்தார். "நாளைக்கு விடிய வவுனியா போவமா தம்பி? பெட்டியோட?" என்றார். ஓட்டோவில் அவ்வளவு தூரம் முதுகு தாங்காது, பஸ்ஸில் போவோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி அண்ணை" என்றேன். சரி சொல்வதும் தொற்றுகிற நோய் என்று அப்போதுதான் விளங்கியது.

வியாழக்கிழமை கிருபன் கடை திறக்கும்போது நாங்கள் வாசலில் நின்றோம். அண்ணை பெட்டியைக் குழந்தையைப்போல் துவாயில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். இதை எடுத்துக்கொண்டு அந்த நாலு கோர்ப் பெட்டியைத் தா என்றார்.

"பெட்டி மாத்தத் தேவையில்லை ஐயா. உள்ளுக்கை இருக்கிற சாமானை மட்டும் மாத்துவம்."

மூடியைக் கழற்றி, காற்றாடியைத் தூக்கி, தீப்பெட்டியளவு தகடு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான். அதே அளவில் இன்னொரு தகட்டை வைத்து, மேலே வெள்ளையாகப் பசை பூசி, மூடினான். தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் வேலை சரி.

அண்ணை மேசையில் கிடந்த இரண்டு கோரை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இப்ப நாலு இருக்கா உள்ள? வெளியில பாத்தா எப்படித் தெரியும்?"

"வெளியில பாத்தால் ஆருக்கும் தெரியாது ஐயா. ரெண்டும் ஒரே மாதிரித்தானே."

"ஒருத்தருக்குமா?"

"திறந்து பாத்தாலும் தெரியாது."

அண்ணை கதிரையில் இருந்துவிட்டார். ரக்ரரின் சில்லை வீதியில் நின்றே எண்ணலாம். கோரை எண்ண முடியாது என்பது இத்தனை நாளும் அவருக்குத் தோன்றவேயில்லை. "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி," என்றார் கிருபனிடம், மிகவும் மனவருத்தத்தோடு.

"நீங்கள் கேக்கேல்லையே ஐயா," என்றான் கிருபன், அவனும் மனவருத்தத்தோடு.

திரும்பும் வழியெல்லாம் அண்ணை பின்சீற்றில் இருந்து சிரித்துக்கொண்டே வந்தார். நாலு கோரும் இருக்கும், ஊருக்கும் தெரியாது. மாங்குளத்தில் நிறுத்தி எனக்குச் சோடா வாங்கித் தந்து, ஒருவரிடமும் சொல்லக்கூடாது என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். எனக்குச் சொல்ல விருப்பமாக இருந்தது, ஆனால் சோடாவைக் குடித்துவிட்டேன்.

சுதர்சினி கணினிக்கு வயர்களைப் பூட்டி, மூன்றாவது படத்தை ஓடவிட்டாள். திரையில் நாலு சதுரங்கள் ஒன்றாக இறங்கி, கடகடவென்று சுவரைத் தீட்டத் தொடங்கின. அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவைப் பார்த்தாள். மடித்த உடுப்பு அப்படியே கட்டிலில் கிடந்தது.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குக் கடைசிப் படம் ஓடிக்கொண்டிருந்தது. நானும் அண்ணையும் முற்றத்து மாமரத்துக்குக் கீழே கதிரை போட்டு, காவல்காரர் மாதிரி இருந்தோம். நேசமலர் ரீச்சர் சைக்கிளை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தார். நேரே யன்னலடிக்குப் போய்த் திரையைப் பார்த்தார்.

"அண்ணை, இதென்ன நாலு பெட்டி ஓடுது? முந்தி ரெண்டெல்லோ ஓடினது? நல்ல கெதியாப் போகுது."

வெளியில் பார்த்தால் தெரியாது என்று கிருபன் சொன்னது உண்மைதான். திரையில் பார்த்தால் முன்பள்ளிப் பிள்ளைகூட எண்ணும் என்பதை அவன் சொல்லவில்லை, இவர் கேட்கவுமில்லை. அண்ணையின் முகம் வெளிறிவிட்டது.

"அப்ப என்ரை மாடி விறாந்தையில பூச்சாடியையும் இண்டைக்கே வைச்சு எடுத்திடலாம், என்ன?"

யன்னலுக்குள் சுதர்சினியின் கை மவுசில் அப்படியே நின்றது. அவள் திரும்பவில்லை. நானும் அசையவில்லை.

"ச..." என்று அண்ணையின் வாயில் வந்தது. அந்த எழுத்தோடு நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். "இல்லைங்க," என்றார். அது அவருக்கே கேட்டிருக்காது. பிறகு எழும்பி நின்று, கொஞ்சம் பலமாகச் சொன்னார். "இல்லைங்க ரீச்சர். நாலு கோர்தான் போட்டிருக்கு. அது சுதர்சினியோட வேலைக்குப் போட்டது. இன்னைக்கு முடியாது. இனிமே என்கிட்ட கேக்காதீங்க, அவகிட்டத்தான் கேக்கணும்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அடி விழப்போகிறது என்று நிற்கிற சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது எனக்கு.

"ஓ, அப்பிடியே," என்றார் நேசமலர். "அப்ப சரி அண்ணை. முதலே சொல்லியிருந்தால் இந்த வெய்யிலுக்கை வந்திருக்க மாட்டன்." சுதர்சினியைப் பார்த்து, "பிள்ளை, ஆறுதலா ஒருநாளைக்குச் சொல்லு என்ன," என்றார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

சற்று நேரத்தில் ராசு வந்தார். அவருக்கும் அதே பதில், இந்த முறை கண்ணை மூடாமல். "அதுக்கென்ன," என்றார் ராசு. தன்னுடைய கதிரையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, கடைக்கு ஆள் வந்திருக்கும் என்று நடையைக் கட்டினார்.

படலை மூடிய பிறகும் அண்ணை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி," என்றார், "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் அண்ணை."

படங்கள் நேரத்துக்குப் போய்ச்சேர்ந்தன. பொழுது சாய முதல் சிவரூபி அழைத்தார். சுதர்சினி எல்லோருக்கும் கேட்கும்படி தொலைபேசியை மேசையில் வைத்தாள். "படம் எல்லாம் வடிவாயிருக்கு. திங்கள் அடுத்த வீட்டை அனுப்புறன். நீர்தான் இனி எங்களுக்குச் செய்யிறீர்," என்றார் அவர். வடிவம்மா அக்கா சாமிப் படத்துக்கும் கணினிக்கும் ஒரே திருநீற்றைப் பூசினார். நான் சத்தமாகச் சிரித்தேன், சந்தோசத்தில். என் சொந்தப் பிள்ளையே பாஸ் பண்ணியது மாதிரி இருந்தது.

அண்ணை மட்டும் முற்றத்துக் கதிரையில் போய் இருந்தார். நான் பக்கத்தில் போனேன்.

"நேசமலர் ரீச்சர் கோவிக்கல. ராசு கோவிக்கல. ஒருத்தரும் ஒண்ணும் நினைக்கல," என்றார். "இத்தினை வருசம் ஊருக்கெல்லாம் சரின்னு சொல்லிட்டு, கடையில நாலு வேணும்னு கேட்ட இந்தப் பிள்ளைக்கு மட்டும் நான் ஏன் தம்பி இல்லைன்னு சொன்னேன்?"

தேத்தண்ணியோடு வந்த சுதர்சினிக்கு அது கேட்டிருக்க வேண்டும்.

"எனக்குச் சொன்னால் நான் கோவிக்க மாட்டன் எண்டு நினைச்சிருப்பீங்கள் அப்பா."

அண்ணை யோசித்தார். "ஆமா பிள்ளை," என்றார். "அப்படித்தான் நினைச்சேன்."

"நான் கோவிச்சனான்," என்றாள் அவள். தேத்தண்ணியை அவருடைய கையில் கொடுத்துவிட்டு, போகாமல், அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துகொண்டாள்.